சுமை எங்கே போகிறது?

(தோணிப் பட்டறை ஓடாவிமார்களுக்கும் கடல்சார் பொறியியல் மாணவர்களுக்கும் பழைய பாய்ப்படகுகளின் பராமரிப்பு குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெடும்பயணம் போகும் பழைய பாய்ப்படகுகளில் கருவிகளை எப்படிப் பேணுகிறார்கள், எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். கப்பல் எஞ்ஜின் அறையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு இத்தகைய படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் ஒப்புக்கொண்டேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பழைய படகில் எந்த உறுப்பையும் தனியாக மாற்ற முடியாது. ஒன்றைப் பலப்படுத்தினால், இதுவரை அது வளைந்தும் தேய்ந்தும் வாங்கிக்கொண்டிருந்த சுமை அடுத்த உறுப்பின் தலையில் போய் விழும். அந்தச் சுமை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

பழைய படகுகளுக்கு இவ்வளவு மவுசு ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். காரணம் ஃபைபர்கிளாஸ். 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனம் டிரைட்டன் என்ற 28 அடிப் படகைக் கொண்டுவந்து வைத்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஃபைபர் பாய்ப்படகுகள் நூற்றுக்கணக்கில் அச்சிலிருந்து வார்க்கப்பட்டன. அந்தக் காலத்தில் இந்தப் பொருள் எத்தனை வருஷம் தாங்கும் என்று கட்டியவர்களுக்கே தெரியாது. அதனால் தாராளமாகக் கனம் வைத்துக் கட்டினார்கள். விளைவு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வார்த்த உடல்கள் இன்றும் திடமாக மிதக்கின்றன. ஆனால் அந்த உடலில் போல்ட் போட்டு மாட்டிய எதுவும் அத்தனை காலம் தாங்காது. கம்பி, வால்வு, குழாய், எஞ்ஜின், வயர், பம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. புதுப் படகின் விலையில் சிறு பங்கைக் கொடுத்துப் பழைய படகை வாங்குகிறவர், உண்மையில் ஒரு நல்ல உடலையும் அதில் தொங்கும் நாற்பது வருஷத்துப் பொருள்களையும் வாங்குகிறார்.

இந்தப் படகுகளை எப்படிப் புதுப்பிப்பது என்பதற்கு உலகம் பார்க்க ஒரு பெரிய சோதனை நடந்தது. 2018 ஜூலை 1 அன்று பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து கோல்டன் குளோப் பந்தயம் புறப்பட்டது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், உலகைச் சுற்றி வர வேண்டும். 1988க்கு முன்பு வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடி நீளமுள்ள, நீண்ட ஏரா கொண்ட படகுகளுக்கு மட்டுமே அனுமதி. ஜிபிஎஸ் பார்த்து ஓட்டக் கூடாது, செக்ஸ்டன்ட்தான். அதாவது ஊருக்கு ஊர் சாதாரண மனிதர்கள் வைத்திருக்கும் பழைய படகுகளை எடுத்து, முடிந்தவரை புதுப்பித்து, பூமியின் மிகக் கடுமையான கடலில் இறக்கிவிட்டார்கள். ஐந்து படகுகளின் பாய்மரம் முறிந்தது. ஐந்து பேர்தான் பயணத்தை முடித்தார்கள். 2022இல் மறுபடி நடந்தபோது 16 பேர் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூன்று பேர். எது உடைந்தது, எது தாங்கியது என்று அந்தந்த மாலுமியின் வாயாலேயே வெளிவந்த செய்திகள் இருக்கின்றன. என்னைப் போன்ற பழுதுபார்ப்போருக்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது.

முதலில் தண்ணீர். எந்தப் படகை வாங்கினாலும் மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால், உடலில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். எஞ்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் ஒரு துளை வழியாக வருகிறது, கழிப்பறைக்கு இரண்டு துளை, சமையலறைத் தொட்டிக்கு ஒன்று, தளத்து நீர் வடிய இரண்டு. ஒவ்வொன்றிலும் சீகாக் என்ற வால்வு, வால்வின் மேல் ஒரு ரப்பர் ஹோஸ், அதைப் பிடிக்கும் கிளிப். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே ஒன்றரை அங்குலத் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். கையால் அடிக்கும் பம்பால் அதை வெகுநேரம் ஈடுகொடுக்க முடியாது. மின்பம்பு பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். தண்ணீரை மேலே தூக்கி, வளைந்த குழாய் வழியே தள்ளும்போது அதன் திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

வால்வைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன், பட்டறைக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். படகைக் கரையேற்றிய பிறகு, வெளியே தெரியும் உலோக விளிம்பைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். நல்ல வெண்கலம் என்றால் மஞ்சளும் பழுப்புமாகப் பளிச்சென்று தெரியும். இளஞ்சிவப்பாக, செம்பு நிறம் படர்ந்து தெரிந்தால் அது வெண்கலம் அல்ல, பித்தளை. கடல்நீர் அதிலிருந்த துத்தநாகத்தைத் தின்றுவிட்டது. மிச்சம் நிற்பது செம்பு மட்டுமே, கடற்பஞ்சைப் போல உள்ளே ஓட்டை ஓட்டையாக. பார்வைக்கு வால்வு அதே வடிவத்தில் இருக்கும், கைப்பிடியும் திரும்பும். ஒரு நாள் சற்று அழுத்தித் திருப்பினால் கழுத்து முறிந்து கையோடு வந்துவிடும். கட்டிய காலத்தில் விலை குறைவு என்பதற்காகப் பித்தளை வால்வு போட்ட படகுகள் ஏராளம். இதைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றி வெண்கலமோ, துத்தநாகம் கரையாத கடல்வகைப் பித்தளையோ போடுங்கள். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்கு ஏற்ற கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இங்கேயே சுமை நகர்வதைக் காணலாம். புது வால்வு கனமானது, உறுதியானது. ஆனால் அதை இறுக்கியிருக்கும் ஃபைபர் உடல் அந்த இடத்தில் மெல்லியதாக இருந்தால், ஒரு பெட்டியோ காலோ மோதும்போது வால்வு உடையாது, உடல் கிழியும். அதனால் துளையைச் சுற்றி ஃபைபரை அடுக்கிக் கனப்படுத்திவிட்டு, அதன் மேல் ஒரு திண்டு வைத்து, அதற்குப் பிறகு வால்வை உட்கார வைக்க வேண்டும். புது வால்வில் பழைய ஹோஸை மாட்டுவதும் கூடாது. விரல் நகத்தால் அழுத்தினால் வெடிப்புக் காட்டும் ஹோஸ் அன்றே குப்பைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் புகுந்தால் எவ்வளவு வேகமாகக் கதை முடிந்துபோகும் என்பதற்கு ஒரு சம்பவம். ஃபின்லாந்தின் தாப்பியோ லெக்தினன் 2018 பந்தயத்தில் அஸ்தேரியா என்ற, 1965இல் இத்தாலியில் கட்டிய படகை ஓட்டினார். அடிப்பகுதி முழுக்கக் கொட்டலசு பிடித்துப் படகு நகரவே மறுத்தது. 322 நாள் கழித்து, 2019 மே மாதம் கடைசி ஆளாகக் கரை சேர்ந்தார். முதலாவதாக வந்தவருக்கு 212 நாள்தான் ஆனது. பாய், கம்பி, சுக்கான் எல்லாம் சரியாக இருந்தும், அடிப்பூச்சு ஒன்று கைவிட்டதால் வந்த வித்தியாசம் அது. அதே படகோடு 2022இல் மறுபடி புறப்பட்டார். நவம்பர் 18 அன்று, தென்னாப்பிரிக்காவைத் தாண்டிய இந்தியப் பெருங்கடலில், பின்புறமிருந்து தண்ணீர் மளமளவென்று ஏறி, அரை மணி நேரத்துக்குள் படகு மூழ்கிவிட்டது. அவர் மிதவையில் ஏறிக்கொண்டார். மறுநாள் அவரைத் தேடிவந்து தன் படகில் ஏற்றியவர் அதே பந்தயத்தில் போட்டியிட்ட கிர்ஸ்டன் நோய்ஷாஃபர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண். அவரை ஒரு சரக்குக் கப்பலில் ஒப்படைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். கடைசியில் பந்தயத்தை வென்றதும் அவர்தான்.

தண்ணீர் என்றதும் ஓடாவிமார்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பந்தயத்துக்கெல்லாம் மூலமான படகு நம் நாட்டில் கட்டியது. பம்பாய் கொலாபாவில், தேக்கு மரத்தில், 32 அடி நீளத்தில் கட்டப்பட்ட சுஹைலி. அதில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டு, 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பி வந்தார். தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர். போகிற வழியில், அட்லாண்டிக்கிலேயே, ஏராவை ஒட்டிய பலகை மூட்டு இரண்டு பக்கமும் ஒழுகத் தொடங்கியது. அவர் கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பஞ்சைத் திணித்துப் பார்த்தார். நிற்கவில்லை. பிறகு பாய்த் துணிப் பட்டையில் பஞ்சை வைத்துத் தைத்து, தாரில் நனைத்து, செப்பு ஆணியால் மூட்டின் மேல் அறைந்தார். அதன் மேல் ஒரு செப்புத் தகடு. நடுக்கடலில், நீருக்கடியில் செய்த கலப்பத்து அது. நடுவில் ஒரு சுறா சுற்ற ஆரம்பித்ததால் மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். அந்த ஒட்டு, பயணம் முடியும் வரை தாங்கியது.

அதே படகில் சார்ஜ் போடும் சிறு எஞ்ஜினின் மேக்னெட்டோ இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, அளக்கும் ஃபீலர் கேஜ் கையில் இல்லை. அவர் நோட்டுப் புத்தகத்தின் தாள்களை எண்ணினார். 200 தாள் சேர்ந்தால் ஓர் அங்குலம். அப்படியானால் ஒரு தாள், அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு. வேண்டிய தாள்களை இடுக்கில் வைத்து இடைவெளியைப் பொருத்திவிட்டார். அந்த எஞ்ஜின் திறந்து பார்க்கக்கூடியதாக, கையால் சரிசெய்யக்கூடியதாக இருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்று கடையில் வாங்கும் பல கருவிகளில் மூடியே திறக்காது.

சுஹைலியின் பிற்கதை பராமரிப்பவர்களுக்கு முக்கியமானது. அதைப் பெருமையோடு கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கட்டுப்படுத்திய வறண்ட காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. நனைந்து ஊறி ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ள வேண்டிய பலகைகள் விலகின. 2002இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் படகை வெளியே எடுத்துவிட்டார். பிறகு, பலகைகளைப் பிடித்திருந்த பழைய இரும்பு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெண்கலத்தில் மாற்றும் வேலையில் இறங்கி, எழுபது வயது தாண்டியும் தன் கையாலேயே பெரும்பகுதியைச் செய்தார். தேக்கு அழுகவில்லை. அதைப் பிடித்திருந்த இரும்புதான் போயிற்று. ஃபைபர் படகிலும் இதே கதைதான் நடக்கிறது.

அடுத்து பாய்மரம். இதில்தான் நான் அதிகம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஏனென்றால் உயிர்ச்சேதத்துக்கு மிக அருகில் கொண்டுபோவது இதுதான்.

36 அடிப் படகின் அலுமினியப் பாய்மரத்தை ஏழெட்டு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பிகள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கம்பியிலும் 19 இழை. கம்பியின் நுனியை ஒரு குழல் முனைக்குள் செருகி, எந்திரத்தால் நசுக்கிப் பிடிக்கவைக்கிறார்கள். அந்த முனை ஒரு திருகில் மாட்டி, திருகு செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டையில் மாட்டி, அந்தப் பட்டை தளத்தின் வழியாகக் கீழே இறங்கி உடலோடு போல்ட் போடப்பட்டிருக்கும். இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி விட்டால் போதும், மரம் சாயும்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது. அந்த எஃகைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் கிழிந்தால் மறுபடி உருவாகக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. வெயிலிலும் காற்றிலும் பளபளக்கும் கம்பி நன்றாகவே இருக்கும். காற்றே புகாத இடத்தில் உப்புநீர் தேங்கினால், அங்கே படலம் திரும்ப உருவாகாது, அரிப்பு உள்ளே குழிபறித்துக்கொண்டு போகும். அந்த இடங்கள் இரண்டு. ஒன்று, குழல் முனைக்குள் கம்பி நுழையும் வாய். இன்னொன்று, செயின்பிளேட் தளத்துக்குள் புகுந்து மறையும் இரண்டு அங்குலம். தளத்துக்கு மேலே கண்ணாடி போல மின்னும் பட்டையைக் கழற்றி எடுத்தால், தளத்துக்குள் இருந்த பகுதியில் பழுப்புக் கறையும், அதைத் துடைத்தால் குறுக்காக மயிரிழை வெடிப்பும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்துவிட்டு, வெள்ளைத் தூளைத் தெளியுங்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக ஊறி வரும்.

கம்பியைப் பொறுத்தவரை, பஞ்சுத் துணியைச் சுற்றி மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணியைப் பிடித்துக்கொள்ளும். ஓர் இழை அறுந்தாலும் அந்தக் கம்பி முடிந்தது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை எல்லாக் கம்பிகளையும் மாற்றச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் பல கேட்கின்றன. அது நியாயமான கணக்குத்தான்.

மாற்றும்போது எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். எப்படியும் மாற்றுகிறோம், ஓர் அளவு கனமான கம்பியாகப் போட்டுவிடலாமே என்று. இங்கேதான் நான் தடுப்பேன். கனமான கம்பி மாஸ்டின், அதாவது பாய்மரத்தின், உச்சியில் எடையைக் கூட்டும், படகு அதிகம் உருளும். கனத்த கம்பிக்குக் கனத்த முனை, கனத்த முனைக்குப் பெரிய பின், பெரிய பின்னுக்குச் செயின்பிளேட்டின் துளையைப் பெரிதாக்க வேண்டும். துளை பெரிதானால் சுற்றியிருக்கும் எஃகு மெலியும். முன்பு கம்பி அறுந்திருக்கும், இனி பட்டை கிழியும். பட்டையையும் கனப்படுத்தினால், அதைப் பிடித்திருக்கும் ஃபைபர் தடுப்புச் சுவர் உடலிலிருந்து பெயரும். வடிவமைத்தவர் போட்ட கனத்தையே போட்டு, மறைந்திருக்கும் உலோகம் முழுவதையும் புதுப்பிப்பதுதான் சிறந்த மேம்பாடு. பட்டையின் விலை கம்பியின் விலையைவிடக் குறைவு. ஆனால் அதைக் கழற்ற உள்ளே அலமாரியை உடைக்க வேண்டியிருக்கும், அதனால் தள்ளிப்போடுகிறார்கள்.

2018இல் வென்ற பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் வான் டென் ஹீட் இதை வேறு திசையில் யோசித்தார். 73 வயது, அனுபவத்தில் ஊறியவர். ரஸ்ட்லர் 36 என்ற தன் படகின் பாய்மரத்தைப் புறப்படும் முன் குட்டையாக்கினார். மரம் குட்டையானால் நெம்புதல் குறையும், ஒவ்வொரு கம்பியிலும் சுமை குறையும். வேகத்தில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தார். அப்படியும் நவம்பரில் தென் பசிபிக்கில் அலை படகைப் புரட்டியபோது, கீழ்க்கம்பிகளை மாஸ்டில் பிடித்திருந்த போல்ட் அலுமினியத்தைக் கிழித்துக்கொண்டு சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. கம்பி அறுபடவில்லை, போல்ட் முறியவில்லை. மாஸ்டின் சுவர்தான் விட்டுக்கொடுத்தது. அவர் ஆடும் மரத்தில் பலமுறை ஏறி, கயிற்றால் கட்டி முட்டுக்கொடுத்து, பாயைக் குறைத்து, கேப் ஹார்னைச் சுற்றி முதலாவதாக வந்தார்.

நம் கடற்படையின் அபிலாஷ் டோமி அதே பந்தயத்தில் துரியா என்ற படகில் போனார். கோவாவில் கட்டிய, சுஹைலியின் மறுபதிப்பு அது. 2018 செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கில் புயல் படகைப் புரட்டி, பாய்மரங்களை முறித்து, அவர் முதுகெலும்பையும் முறித்தது. பிரான்ஸின் மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. நான்கே ஆண்டுகளில் அவர் பயானத் என்று பெயரிட்ட பழைய ரஸ்ட்லர் 36 ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி புறப்பட்டார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரையேறினார். முதுகில் உலோகத் தண்டுகளோடு அந்தக் கடலுக்குத் திரும்பிப் போன அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அவருடைய இரண்டாவது பயணத்தில் அதிகம் வதைத்தது பாய்மரமல்ல, விண்ட்வேன். காற்றின் திசையை ஒரு தகட்டால் உணர்ந்து, மின்சாரமே இல்லாமல் படகைத் திசைமாறாமல் ஓட்டும் கருவி அது. பின்புறத்தில் தொங்கும். அது உடைந்தபோது உள்ளே கிடைத்த பலகைகளை அறுத்து மாற்றுத் தகடு செய்து பூட்டினார். அந்த 2022 பந்தயத்தில் முன்னணியில் இருந்த பிரிட்டனின் சைமன் கர்வனுக்கு, கேப் ஹார்னை நெருங்கும் நேரத்தில் விண்ட்வேன் உடைந்து, சிலிக்குத் திரும்பிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அதனால் வெற்றியாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தனியாகப் போகிறவருக்கு இது இன்னொரு ஆள். மின்சார ஆட்டோபைலட்டைப் பொருத்திவிட்டு இதைக் கழற்றி எறிந்துவிடும் உரிமையாளர்களை நான் வற்புறுத்தித் தடுத்திருக்கிறேன். துறைமுகத்தை விட்டு வெளியேற ஆட்டோபைலட் நல்லது. ஆனால் இரவு பகலாக அது இழுக்கும் மின்சாரத்துக்கு பேட்டரி, பேட்டரிக்குச் சார்ஜ், சார்ஜுக்கு எஞ்ஜின், எஞ்ஜினுக்கு டீசல் என்று சுமை நீண்டுகொண்டே போகும்.

தளத்தைப் பற்றிச் சுருக்கமாக. பல பழைய படகுகளின் தளம் இரண்டு ஃபைபர் ஏடுகளுக்கு நடுவே பால்சா கட்டையை வைத்துச் செய்தது. லேசானது, விறைப்பானது. ஆனால் ஒரு திருகின் ஓரமாகத் தண்ணீர் புகுந்தால் கட்டை சேறாகிவிடும். ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அழுகிய இடம் மொத்தென்று ஒலிக்கும். புதிதாக எதைப் பொருத்தினாலும் துளையைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது திருகு தொடுவது எப்பாக்ஸியை மட்டுமே, கட்டையை அல்ல. உடலின் அடியில் வரும் கொப்புளங்களைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். பார்க்க அசிங்கமாக இருக்கும், படகை மூழ்கடிப்பது அரிது. முதலில் வால்வைப் பாருங்கள்.

எஞ்ஜினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு விஷயம் மட்டும். கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்றும்போது பழையதில் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு உள்ளே எங்கேயோ ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் சிக்கிக் கிடக்கிறது. அதைக் கண்டெடுக்காமல் புதியதைப் போட்டால் எஞ்ஜின் மறுபடி கொதிக்கும். இன்னொன்று டீசல் தொட்டி. அடியில் தேங்கும் தண்ணீரில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பு வண்டலாகும். அமைதியான கடலில் அது அடியிலேயே படுத்திருக்கும். படகு குதிக்கும்போதுதான் கலங்கி, வடிகட்டியை அடைக்கும். அதாவது எஞ்ஜின் மிகவும் தேவைப்படும் நேரத்தில். இரண்டு வடிகட்டிகளைப் பக்கவாட்டில் வைத்து, ஒரு வால்வைத் திருப்பினால் மாறும்படி அமைப்பது நான் பரிந்துரைக்கும் முதல் மேம்பாடு.

கடைசியாக மின்சாரம். இன்றைக்குப் பழைய படகுக்காரர்கள் அதிகம் பணம் கொட்டும் இடம் இதுதான், அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான்.

நல்ல மாற்றம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மாஸ்ட் உச்சியில் இரவு முழுக்க எரியும் மூவண்ண விளக்கில் பழைய காலத்து 25 வாட் பல்பு இருக்கும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், 12 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 25 ஆம்பியர்-மணி. அதே இடத்தில் எல்இடி வைத்தால் ஓர் இரவுக்கு மூன்றுக்குள் முடியும். பேட்டரி, ஆல்டர்னேட்டர், எஞ்ஜின் என்று எல்லாவற்றின் சுமையையும் ஒரே அடியாகக் குறைக்கிற மாற்றம் இது. ஆனால் அதிலும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த விளக்குக்கு அருகிலேயே விஎச்எஃப் ஆன்டெனா. மலிவான எல்இடி விளக்குகளின் உள்ளே இருக்கும் மின்சுற்று வானொலி அலையைக் கெடுக்கிறது என்று 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரிக்கை வெளியிட்டது. கடலுக்குத் தகுந்த, சான்று பெற்ற விளக்காக வாங்கி, பொருத்தியதும் விளக்கைப் போட்டும் அணைத்தும் ரேடியோவைக் கேட்டுப் பாருங்கள்.

வயரைப் பாருங்கள். பழைய வயரின் மேலுறையை ஓர் அங்குலம் சீவினால், உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிர்ந்தால், முழு வயரையும் மாற்ற வேண்டும். நுனியை வெட்டிவிட்டுப் புது லக் அடிப்பது வீண். உப்புக் காற்று இழைகளுக்கிடையே வெகுதூரம் ஏறியிருக்கும். வெள்ளீயம் பூசிய கடல்வகை வயர்தான் போட வேண்டும்.

இனி லித்தியம். ஈய பேட்டரியில் பாதியளவுதான் தாராளமாகப் பயன்படுத்தலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் குறைவு. எல்லோரும் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்பதுகளின் எஞ்ஜினில் இருக்கும் ஆல்டர்னேட்டர் 35 அல்லது 50 ஆம்பியர் அளவில், எஞ்ஜினைக் கிளப்பிய பேட்டரியைக் கொஞ்ச நேரத்தில் ஈடுசெய்துவிட்டு ஓய்வெடுக்கும்படி செய்தது. ஈய பேட்டரி நிரம்ப நிரம்பத் தானே குறைவாக வாங்கும், அதனால் ஆல்டர்னேட்டர் மூச்சுவிடும். லித்தியம் கிட்டத்தட்ட நிரம்பும் வரை கொடுப்பதையெல்லாம் வாங்கும். நங்கூரமிட்ட இடத்தில் எஞ்ஜினை மெதுவாக ஓடவிட்டால், ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், உள்ளே சுருள் கருகும் அளவுக்குச் சூடேறும். இதற்கு மேல், பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று ஏதோ காரணத்தால் சார்ஜை நடுவில் சட்டென்று துண்டித்துவிட்டால், போக இடமில்லாத மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் அதே வரிசையில் இருக்கும் மின்னணுக் கருவிகளையும் சுட்டுவிடும். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் மெல்லிய பெல்ட் தேய்ந்து கறுப்புத் தூள் எஞ்ஜின் முழுக்கப் படியும். குறுக்குத் தொடர்பு ஏற்பட்டால் லித்தியம் கொட்டும் மின்னோட்டத்தைச் சாதாரண ஃபியூஸால் நிறுத்த முடியாமல் போகலாம், அதற்கென்றே உள்ள உயர்திறன் ஃபியூஸ் வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. எஞ்ஜினைக் கிளப்ப ஈய பேட்டரியையே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் அதை மட்டுமே சார்ஜ் செய்யட்டும். அதிலிருந்து லித்தியத்துக்கு, மின்னோட்டத்தை வரம்புக்குள் வைக்கும் டிசி-டிசி சார்ஜர் வழியாகக் கொடுங்கள். லித்தியம் துண்டித்துக்கொண்டாலும் ஆல்டர்னேட்டருக்கு ஈய பேட்டரி எப்போதும் எதிரே இருக்கும். அல்லது வெளிப்புற ரெகுலேட்டரும் வெப்ப உணரியும் போட்டு, சூடேறினால் தானாகக் குறையும்படி செய்யுங்கள். வயர், ஃபியூஸ், பெல்ட், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் முதலில் வாங்கிப் பொருத்திவிட்டு, பணம் மீதமிருந்தால் பேட்டரி வாங்குங்கள். மீதமில்லை என்றால் இரண்டு நல்ல ஈய பேட்டரி, எல்லா இடத்திலும் எல்இடி, ஒரு சூரியத் தகடு, இவை போதும். 32 முதல் 36 அடிப் படகில் விளக்கு, ரேடியோ, ஆழமானி, ஏஐஎஸ் இத்தனையும் அதில் தாராளமாக ஓடும். மிஞ்சும் பணத்தில் அந்தச் செயின்பிளேட்டுகளைக் கழற்றிப் பாருங்கள்.